சும்மா கிடைக்கும் சொர்க்கமும் வாசலில் உட்கார்ந்த கணக்குப்பிள்ளையும்

தமிழ்நாட்டுக்காரருக்கு இலவசத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2006-க்குப் பிறகு கலர் டிவி வாங்கினோம். 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வாங்கினோம். இலவசத்தின் இலக்கணம் நமக்கு அத்துப்படி. பொருளுக்குக் காசு வேண்டாம். ரேஷன் கார்டு வேண்டும். கார்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நின்றாலும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். கொடுக்கிறவர் தாராளப் பிரபுவாகத்தான் இருப்பார். நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார்.

மோட்சமும் இப்படித்தான் விநியோகமாகி வந்திருக்கிறது. அதிலும் குறிப்பாக மதுரையில்.

கிறிஸ்தவ சமயத்தின் ஆதாரமான சங்கதி ஒன்று உண்டு. மனிதன் தலைகீழாக நின்றாலும் மீட்பைச் சம்பாதிக்க முடியாது. அது கடவுள் மனமிரங்கிச் சும்மா கொடுப்பது. நோன்பு, காணிக்கை, குலம், கோத்திரம் எதுவும் அதற்கு விலையாகாது. பவுல் முதல் நூற்றாண்டிலேயே கடிதம் கடிதமாக எழுதி இதைச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் ஆமென் என்றார்கள். அடுத்த வேலையாகக் கணக்குப்பிள்ளைக்கு மேசை வாங்கிப் போட்டார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியஸ் என்ற துறவி, மனிதன் முயன்றால் தானே நல்லவனாகலாமே என்று அப்பாவியாகச் சொல்லப்போக, அகஸ்டின் அவரை விரட்டி விரட்டி எழுதினார். 418-ல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடி பெலாஜியஸின் போதனையைத் தள்ளினார்கள். ஆக, முயற்சியால் வராது என்பது முடிவாகிவிட்டது. ஆயிரம் வருஷம் கழித்துப் பார்த்தால், முயற்சியால் வராதது காசால் வரும் என்ற நிலைமை. ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டப் பணம் முடையாகி, பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனை ஜெர்மனியில் சக்கைப்போடு போட்டது. சும்மா கொடுப்பதற்கு ரசீது எதற்கு என்று 1517-ல் மார்ட்டின் லூத்தர் கேட்டார். ஐரோப்பா இரண்டாகப் பிளந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில் சங்கம் கூட்டி, 1547 ஜனவரி 13 அன்று தன் நிலையைச் சொன்னது: அருள்தான் முந்தி வரும், அதை யாரும் சம்பாதிக்க முடியாது, ஆனால் மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சண்டை இங்கேதான் சூடு பிடித்தது. கடவுள் அருளை நீட்டுகிறார், மனிதன் சரியென்று தலையாட்டுகிறான். அந்தத் தலையாட்டல் அவன் சொந்தச் சரக்கா? சொந்தச் சரக்கென்றால் மோட்சத்தில் அவனுக்கும் ஒரு பங்கு சம்பாத்தியம் ஆகிவிடாதா? இல்லை, தலையை ஆட்டிவைப்பதும் கடவுள்தான் என்றால், ஆடாத தலைக்கு யார் பொறுப்பு?

1588-ல் லூயிஸ் தெ மோலினா என்ற இயேசு சபைக் குரு, தலையாட்டல் மனிதனுடையதுதான், கடவுளுக்கு அது முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான் என்று தடிமனாக ஒரு புத்தகம் போட்டார். தொமிங்கோ பாஞ்ஞெஸ் தலைமையில் தொமினிக்கன் சபையார், இது பெலாஜியஸின் ஆவி என்று பாய்ந்தார்கள். பதிலுக்கு இயேசு சபையார் அவர்களைப் பார்த்து, நீங்கள் புராட்டஸ்டன்ட் கால்வினின் தம்பிகள் என்றார்கள். ஸ்பெயினில் வீதிச் சண்டை ஆகிவிடும் போலிருந்ததால் போப் எட்டாம் கிளமெண்ட் வழக்கை ரோமுக்கு இழுத்தார். கமிஷன் போட்டார். 1602 முதல் தாமே தலைமை தாங்கி அமர்வு அமர்வாகக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் 1605-ல் காலமானார். பின்னால் வந்த ஐந்தாம் பவுல் தொடர்ந்து கேட்டு, 1607-ல் ஒரு முடிவுக்கு வந்தார்: இரண்டு பேரும் அவரவர் மடத்துக்குப் போங்கள்; ஒருவரையொருவர் பதிதர் என்று திட்டாதீர்கள்; தீர்ப்பை உரிய காலத்தில் சொல்கிறோம்.

அந்த உரிய காலம் இன்னும் வரவில்லை. நானூறு வருஷம் தாண்டிவிட்டது. சிவில் வழக்கு போட்டுக் காத்திருக்கும் வாசகர்கள் இதில் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம்.

*

ரோமில் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, அதே இயேசு சபையைச் சேர்ந்த இருபத்தொன்பது வயது இத்தாலியர் ஒருவர் 1606 நவம்பரில் மதுரைக்குள் நுழைந்தார். பெயர் ராபர்ட் தெ நோபிலி. பிரபு வம்சம். ரோமில் அருள் வழக்கில் இயேசு சபையின் பக்கம் நின்று வாதாடிய கர்தினால் பெல்லார்மின் அவருக்குச் சொந்தக்காரர். வீட்டில் பேசுவதே இறையியலாக இருந்த குடும்பம்.

மதுரையில் அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் இருந்தார்: கொன்சாலோ பெர்னாண்டஸ். பழைய போர்ச்சுகீசியச் சிப்பாய். 1595 முதல் மதுரையில் தங்கி, ஒரு வைத்தியசாலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோவில் என்று நடத்தி வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வரும் பரதவர்கள்தான் அவருடைய சபை. அந்தப் பரதவர்கள் 1536, 37-வாக்கில் மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். கடலில் போட்டியாளர்களின் தொல்லையிலிருந்து காக்கப் போர்ச்சுகீசியக் கப்பல் வரவேண்டியிருந்தது. கப்பலோடு ஞானஸ்நானமும் வந்தது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறு எதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், சம்பாதிக்காமல் வரும் அருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாடம் படிக்கவில்லை, பரீட்சை எழுதவில்லை, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது.

மதுரைவாசிகளில் பெர்னாண்டஸ் எத்தனை பேரைச் சேர்த்தார்? பதினோரு வருஷத்தில் ஒருவரையும் இல்லை. சொர்க்கம் சும்மா கிடைக்கிறது என்று ஒரு மனிதர் பதினோரு வருஷம் கூவியும் ஒரு ஆள் வாங்கவில்லை என்றால், சரக்கில் கோளாறா, கடையில் கோளாறா என்று யோசிக்க வேண்டும். நோபிலி யோசித்தார்.

கோளாறு ஒரே சொல்லில் இருந்தது: பரங்கி. பரங்கி மாட்டிறைச்சி தின்பவன், சாராயம் குடிப்பவன், குளிக்காதவன், செருப்போடு வீட்டுக்குள் வருபவன். பெர்னாண்டஸோ தம்மைப் பரங்கி என்று பெருமையாக அறிமுகம் செய்துகொண்டவர். அவரிடம் ஞானஸ்நானம் பெறுவது பரங்கியாவது என்றே ஊர் புரிந்துகொண்டது. மோட்சம் இலவசம்தான், கூடவே சாதி போகும், உறவு போகும், கிணற்றடி போகும். இப்படிப்பட்ட இலவசத்தை வாங்க மதுரைக்காரர் என்ன விவரம் கெட்டவரா?

நோபிலி கடையை மாற்றினார். கறுப்பு அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம், நெற்றியில் சந்தனம். மீன், முட்டை, இறைச்சி எல்லாம் நின்றது. நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும். சமைக்கப் பிராமணர். பெர்னாண்டஸின் வீட்டிலிருந்து தனியே ஒரு குடிசைக்கு மாறினார். அவரோடு சேர்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினார். தாம் பரங்கி அல்ல, ரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்த சந்நியாசி என்று ஓலையில் அறிவிப்பே எழுதி வெளியிட்டார். தத்துவ போதகர் என்று பெயர் வந்தது. சிவதர்மர் என்ற பண்டிதரிடம் சமஸ்கிருதம் படித்தார். கடைசியில் 1609-ல் அந்த ஆசிரியரே மாணவரிடம் ஞானஸ்நானம் பெற்றார், குடுமியும் பூணூலும் இருந்த இடத்தில் இருக்க.

கூட்டம் வரத் தொடங்கியது. சில வருஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பதினோரு வருஷத்துப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்னாண்டஸுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

*

நோபிலிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கேட்காமலே கிடைக்கும் அருள் என்ற சரக்கை அவர் கொண்டு வந்து இறக்கிய ஊரில், அந்தச் சரக்கு ஏற்கெனவே மொத்த விற்பனையில் இருந்தது.

மதுரைச் சொக்கநாதரின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சோழவந்தான் பக்கம் இன்று குருவித்துறை என்கிறோமே, அந்தக் குருவிருந்துறையில் ஒரு வேளாளருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். தவத்தில் இருந்த வியாழ பகவான் மேல் கல்லெறிந்து, பன்றிகளாகப் பிறக்கச் சாபம் வாங்கிய உத்தமர்கள். பன்றிக்குட்டிகளாகப் பிறந்து, பாண்டியனின் வேட்டையில் தாய் தகப்பனை இழந்து பாலுக்கு அலறிக்கொண்டிருந்தபோது, சொக்கநாதர் தாய்ப்பன்றி உருவெடுத்துப் போய்ப் பால் கொடுத்தார். அத்தோடு விடவில்லை, பிள்ளைகளைப் பாண்டியனுக்கு மந்திரிகளாகவும் ஆக்கினார். இந்தப் பன்னிரண்டு பேர் செய்த புண்ணியம் என்ன? ஒரு முனிவர் மேல் கல்லெறிந்தது. லூத்தர் குருவித்துறைக்கு வந்திருந்தால் அங்கேயே தங்கியிருப்பார்.

நாரைக்கு முத்தி கொடுத்தார், கரிக்குருவிக்கு உபதேசம் செய்தார். தகப்பனைக் கொன்ற, அதைவிடக் கூசும் பாவமும் செய்த ஒருவனுக்கும் மாபாதகம் தீர்த்தார். இப்படிப்பட்டவனுக்கு ஏன் என்று அம்மை கேட்டதற்கு, போக்கிடம் இல்லாதவனைக் காப்பதுதான் காப்பு என்ற பொருளில் சொக்கநாதர் பதில் சொன்னதாகக் கதை. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் பசுவுக்குப் புல் போடு, பொற்றாமரையில் முழுகு, கோயிலைச் சுற்றி உருளு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. கடவுள் கொடுத்தாலும் கணக்குப்பிள்ளை எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

வைணவர்களோ ரோமில் நடந்த வழக்கையே முன்கூட்டி நடத்தி முடித்திருந்தார்கள், விலங்குகளை வைத்து. வடகலையாரின் கட்சி குரங்கு: தாய் தூக்கிப் போகும், ஆனால் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையாரின் கட்சி பூனை: குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போய்விடும். இந்தக் கணக்குப்படி தொமினிக்கன் சபையார் தென்கலை, இயேசு சபையார் வடகலை. நோபிலி சுவாமிகள் காவி கட்டி, சந்தனம் பூசி, சைவச் சாப்பாடு சாப்பிட்ட ரோமாபுரி வடகலையார் என்று சொன்னால் கத்தோலிக்கர், வைணவர் இரு தரப்பும் என் மேல் வழக்குப் போடலாம். 1607-ல் ஒத்திவைத்த தீர்ப்பு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பூனைக் கட்சியின் பெரிய ஆசிரியர் பிள்ளை லோகாசாரியர் முடிந்தது மதுரை வாசலில். 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, தள்ளாத வயதில் கோயில் உற்சவமூர்த்தியான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடிவந்தார். யானைமலைக்குப் பின்னால் உள்ள ஜ்யோதிஷ்குடியில், இன்றைய கொடிக்குளத்தில், அவர் பரமபதித்தார். கடைசி நேரத்தில் சுற்றியிருந்த மரம், செடி, எறும்பு எல்லாவற்றையும் தொட்டு, இவற்றுக்கும் மோட்சம் என்று கொடுத்ததாகக் குருபரம்பரை வரலாறு சொல்கிறது. எறும்பிடம் கோத்திரம் கேட்கவில்லை. மதுரை எல்லைக்குள் கணக்குப்பிள்ளை விடுப்பில் இருந்த மிகச் சில நாள்களில் அதுவும் ஒன்று.

அவருடைய சீடர்களின் வழிவந்தவர்கள் என்ன செய்தார்கள்? பூனையா குரங்கா என்ற கேள்வி நாமத்துக்குக் கீழே பாதம் உண்டா இல்லையா என்ற கேள்வியாகி, காஞ்சிபுரத்தில் நீதிமன்றப் படியேறியது.

*

நம் பெர்னாண்டஸும் படியேறினார். 1610-ல் மேலிடத்துக்கு நீளமாக ஒரு புகார் எழுதினார். சாராம்சம்: இந்த ஆள் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை, தாமே இந்துவாகிக்கொண்டிருக்கிறார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் அவர்களுடைய மதச் சடங்குகள். அதை நிரூபிக்க 1616-ல் இந்துச் சடங்குகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பகையில் பிறந்த புத்தகம்தான், ஆனாலும் ஐரோப்பியர் எழுதிய முந்திய ஆவணங்களில் ஒன்றாக இன்று ஆய்வாளர்கள் அதைப் போற்றுகிறார்கள். பொறாமையும் சில சமயம் முனைவர் பட்டத்துக்கு உதவும்.

நோபிலி லத்தீனில் பதில் எழுதினார். ஒன்று போதாமல் மேலும் மேலும் எழுதினார். பூணூல் குலத்தின் அடையாளம், மதத்தின் அடையாளம் அல்ல, சந்தனம் அலங்காரம், குளியல் என்பது குளியல். கிறிஸ்துவை ஏற்க ஒருவன் தன் சாதியை ஏன் விடவேண்டும்?

கவனிக்க வேண்டிய கேள்வி. கேட்டவருக்கு நல்லெண்ணம்தான். மோட்சத்துக்குப் பரங்கியாவது விலை என்றால் அது இலவசமே இல்லை என்பது அவர் வாதத்தின் அடிநாதம். அந்த அளவில் பெர்னாண்டஸைவிட நோபிலியே பவுலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஆனால் ஒரு கட்டணத்தை ரத்து செய்த கையோடு இன்னொரு கட்டணத்தை அவர் உள்ளே விட்டுவிட்டார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ரோமில் பெல்லார்மினே, சொந்தக்காரப் பையன் புறச்சமயியாகிவிட்டான் என்று முதலில் பதறிக் கடிதம் எழுதினார்; விளக்கம் படித்தபின் சமாதானமானார். 1619-ல் கோவாவில் பேராயர் தலைமையில் மாநாடு. காவியோடு நோபிலி உள்ளே வந்ததைப் பார்த்தே பாதிப்பேர் முகத்தைச் சுளித்தார்கள். பெரும்பான்மை அவருக்கு எதிர். கோப்பு லிஸ்பன் போய், ரோமுக்குப் போய், 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி உத்தரவு போட்டார். பூணூல் இருக்கலாம், ஆனால் இந்துக் கோயிலில் வாங்கக்கூடாது. குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுக்க வேண்டும். குடுமி சரி. சந்தனம் சரி. குளிக்கலாம்.

ஆம், மதுரைக்காரர் குளிப்பதற்கு ரோமாபுரியிலிருந்து அனுமதி வந்தது. ஆத்துமா இலவசமாகக் கரையேறுவதைப் பற்றிய வழக்கு 1607-ல் ஒத்திவைக்கப்பட்டது; உடம்பு வைகையில் இறங்குவதைப் பற்றிய வழக்கு 1623-ல் தீர்ந்துவிட்டது. திருச்சபைக்கு எது சுலபம் என்பது தெளிவு.

அந்த உத்தரவின் கடைசியில் போப் ஒரு வேண்டுகோளும் வைத்திருந்தார்: உயர்குலத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர்கள், தாழ்ந்த நிலையில் உள்ளவர்களைக் கோவிலில் இழிவாக நடத்தக்கூடாது. பூணூல் பற்றிய பகுதியை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். கடைசிப் பத்தியை மட்டும் கரையான் தின்றுவிட்டது போலிருக்கிறது.

*

இனி அந்த இன்னொரு கட்டணம்.

மதுரையில் ஒரே கடவுளுக்கு இரண்டு கோவில்கள் ஆயின. பெர்னாண்டஸின் கோவில் பரதவருக்கும் தாழ்த்தப்பட்டவருக்கும். நோபிலியின் கோவில் மேல்சாதியாருக்கு. பிறகு ஆள்களும் இரண்டு வகை ஆனார்கள். பிராமண சந்நியாசிக் கோலத்தில் இருக்கும் குரு, சேரிப்பக்கம் போனால் வேஷம் கலையும். ஆகவே 1640-ல் பல்தசார் தா கோஸ்தா முதலாகப் பண்டாரச் சாமிகள் என்று இன்னொரு அணி. பிராமணக் குருவும் பண்டாரக் குருவும் ஒரே சபை, ஒரே சத்தியப்பிரமாணம்; ஒரே பந்தியில் மட்டும் உட்கார முடியாது.

நோபிலி தமக்காக எதையும் சேர்த்துக்கொண்டவர் இல்லை. 1640-ல் திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையில் சிறையில் கிடந்தார். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. மேலிடம் அவரை யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, பிறகு மயிலாப்பூருக்கு அனுப்பியது. ஐம்பது வருஷம் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் எழுதி, சொல்லி எழுதவைத்து, மரக்கறியே சாப்பிட்டு, 1656 ஜனவரி 16 அன்று அங்கே ஒரு குடிசையில் இறந்தார். மனிதரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் மனிதர் போட்ட மேசை இருக்கிறதே, அது அவரைவிடக் கெட்டி.

அந்த மேசை எவ்வளவு கெட்டி என்பது 1704-ல் தெரிந்தது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், குற்றப் பட்டியல் ஒன்றைப் போட்டார். அதில் ஒரு கட்டளை: சேரியில் சாகக் கிடக்கும் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குருவானவர் நுழைந்து கடைசி அருட்சாதனத்தைக் கொடுக்க வேண்டும். சும்மா கிடைக்கும் அருள், ஒரு குடிசை வாசல்படியைத் தாண்டுவதற்கு ரோமிலிருந்து ஒருவர் கப்பலேறி வந்து உத்தரவு போட வேண்டியிருந்தது. உத்தரவை எதிர்த்து நாற்பது வருஷம் வழக்காடினார்கள். 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவாகச் சொன்னபோது கண்டுபிடித்த வழி என்ன? சேரிக்கென்று தனிக் குருமார்.

பிற்காலத்தில் இயேசு சபையின் மதுரை மிஷனைச் சேர்ந்திருந்த வடக்கன்குளத்தில் கட்டடக் கலையே இதற்குக் கைகொடுத்தது. நடுவில் பலிபீடம், இரண்டு பக்கமும் இரண்டு கூடம், ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று. பார்த்தவர்கள் கால்சட்டைக் கோவில் என்றார்கள். 1910-ல் தடுப்பு இடிக்கப்பட்டதும், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் எங்கள் உரிமை போச்சே என்று வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தாங்கள் பாவிகள், தகுதியற்றவர்கள் என்று வாராவாரம் பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டுச் சொல்கிறவர்கள், யாருடைய வலப்பக்கம் தகுதியற்றவர்களாக நிற்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

*

1834-ல் மதுரைக்கு அமெரிக்கர்கள் வந்தார்கள், யாழ்ப்பாணம் வழியாக. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷன். கால்வினின் வாரிசுகள். மோட்ச விஷயத்தில் மனிதன் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது என்பதில் தொமினிக்கன் சபையாரையே தோற்கடிக்கக் கூடியவர்கள். சுத்தமான பூனைக் கட்சி.

அவர்களிடமும் உபதேசியார்கள் சாதியை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். 1847-ல் மிஷன் பொறுமை இழந்தது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. யார் சமைத்ததாக இருந்தாலும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு. பலர் சாப்பிட மறுத்தார்கள். வேலையிலிருந்தும் நற்கருணைப் பந்தியிலிருந்தும் நிறுத்தப்பட்டார்கள். மூன்று வருஷம் கழித்து சென்னையில் கூடிய மிஷனரிகள், பல சபையார் சேர்ந்து, சாதியை முறித்துக் காட்டாதவருக்கு ஞானஸ்நானமே கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். எந்தக் கிரியையும் மீட்பைத் தராது என்று போதிக்க ஏழு கடல் தாண்டி வந்தவர்கள், கடைசியில் மதுரையில் ஒரு பரீட்சை வைத்தார்கள். வினாத்தாள் ஒரு கவளம் சோறு. நம் உபதேசியார்களோ நரகத்துக்கே துணிந்தார்கள், பக்கத்து இலைக்குத் துணியவில்லை.

இதைக் கணக்குப்பிள்ளையின் இன்னொரு மேசை என்று நக்கலடித்துவிட்டுப் போகலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. பெர்னாண்டஸ் கேட்ட விலை, பரங்கியாகு. நோபிலி விட்டுக்கொடுத்த விலை, அடுத்தவன் வெளியே நிற்கட்டும். அமெரிக்கர் கேட்டது, அடுத்தவனுக்குப் பக்கத்தில் உட்கார். சும்மா வாங்கிக்கொண்டவன் சும்மா வாங்கிக்கொண்ட இன்னொருவனைப் பார்த்து மூக்கைப் பொத்தினால், அவன் இன்னும் எதையும் வாங்கவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு பரீட்சை மட்டும் விலை அல்ல, வாங்கியதற்கு அத்தாட்சி.

மற்ற மதத்தார் சிரிக்க வேண்டாம். பன்றிக்குட்டிக்குப் பால் கொடுத்த, நாரைக்கு முத்தி கொடுத்த அதே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள், மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டவர்கள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆலயப் பிரவேசத்தை வைத்தியநாத ஐயரும் எல்.என். கோபால்சாமியும் முன்னின்று நடத்தினார்கள். மீனாட்சி கோயிலைவிட்டுப் போய்விட்டாள் என்று சிலர் அறிவித்தார்கள். பன்றி உருவம் எடுக்கக் கூசாத வீட்டுக்காரரின் மனைவி, மனிதர் உள்ளே வந்ததற்குக் கோபித்துக்கொண்டாளாம்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் ஒரே தாளில் கையெழுத்திட்டார்கள். மனிதன் தன் தகுதியால் அல்ல, கடவுளின் அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்பதில் இரண்டு தரப்புக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல செய்தி. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் சாதிக்கொன்றாகத்தான் இருக்கிறது. அருள் இலவசம் என்று நம்புகிறவர்கள் அதை விளக்கி இன்னொரு புத்தகம் எழுத வேண்டாம். அந்தச் சுவர்களை இடித்தால் போதும்.